மூன்று வயதில் முதுகெலும்பு ஆபரேஷன்: வளர்ந்த பிறகு செய்தால் ஆகாதா?

திருப்பூர் அப்பா | 9 ஜூன் 2024, மாலை 6:05

பையனுக்கு அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது. சளிக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரிந்தது, முதுகெலும்பில் ஒரு எலும்பு பாதிதான் இருக்கிறதாம். வளைவு 34 டிகிரி. ஓடுகிறான், ஆடுகிறான், வலி எதுவும் இல்லை. ஒரு டாக்டர் இந்த வருடமே அந்தப் பாதி எலும்பை எடுத்துவிடலாம் என்கிறார். வீட்டில் பெரியவர்கள், வளர்கிற பிள்ளை முதுகில் கத்தி வைக்கக் கூடாது, பதினைந்து வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. வளர்ச்சி முடிந்த பிறகு ஒரே தடவையில் நிமிர்த்திவிடலாமே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூலைமேசை | 9 ஜூன் 2024, இரவு 10:20

நான் டாக்டர் இல்லை. முதுகெலும்பு ஆபரேஷன் நடக்கும்போது தண்டுவடத்தின் சிக்னலைக் கண்காணிக்கிற டெக்னீஷியன். தியேட்டர் மூலையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். எல்லாருடைய பேச்சும் காதில் விழும் இடம். அங்கிருந்து பார்த்ததையும் கேட்டதையும் படித்ததையும் சொல்கிறேன். முடிவு உங்கள் டாக்டரோடு பேசி எடுப்பது.

பதினைந்து வயதுக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பருவ வயதில், பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு, வருகிற ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது) ஒன்று உண்டு. அதில் எலும்புகள் ஒழுங்காக உருவானவை. பெல்ட் போட்டு வளர்ச்சிக் காலத்தை ஓட்டிவிட்டு, தேவைப்பட்டால் அப்புறம் ராடு என்கிற உலோகக் கம்பி வைப்பது அங்கே நியாயமான வழி.

உங்கள் பையன் விஷயம் வேறு. பாதி எலும்புக்கு மேலும் கீழும் நல்ல டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, இருந்தால் அந்தப் பாதியும் வளரும், ஆனால் ஒரு பக்கம் மட்டும். அங்கே வளர்ச்சிதான் வளைவை உண்டாக்குகிறது. வளர்ந்து முடியட்டும் என்று காத்திருந்தால், வளைந்து முடியட்டும் என்று காத்திருப்பதாகத்தான் ஆகும். அதற்குள் மேலும் கீழும் இருக்கிற நல்ல எலும்புகளும் அந்த வளைவுக்கு ஏற்றபடி கோணலாகிவிடும். மூன்று வயதில் ஒரு எலும்பை எடுத்து இரண்டை இணைத்தால் முடிகிற வேலைக்கு, பதினைந்தில் பத்துப் பன்னிரண்டு எலும்புகளை இணைக்க வேண்டியிருக்கும்.

34 டிகிரியைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். நான் கேட்க விரும்புவது வேறு. அந்த எலும்பு எந்த இடத்தில்? மேலும் கீழும் டிஸ்க் இருக்கிறதா, இல்லை பக்கத்து எலும்போடு ஒட்டியிருக்கிறதா? எதிர்ப்பக்கம் எலும்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கின்றனவா? சிறுநீரக ஸ்கேன், இதய எக்கோ, முழு முதுகெலும்பு எம்ஆர்ஐ எடுத்தாயிற்றா?

மூலைமேசை | 10 ஜூன் 2024, காலை 7:40

நேற்று அவசரத்தில் எழுதியதற்கு ஒரு விளக்கம். பாதி எலும்பு என்றாலே கத்தி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எடின்பரோவில் மெக்மாஸ்டர், ஒட்சுகா என்ற இருவர் பிறவி ஸ்கோலியோசிஸ் உள்ள 251 பேரைத் தொடர்ந்து கவனித்து 1982-இல் வெளியிட்ட ஆய்வை இன்றும் இந்தத் துறையில் எல்லாரும் சொல்வார்கள். அதன் சாரம், ஒவ்வொரு வகைக் குறையும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுகிறது என்பது. இரண்டு எலும்புகள் முழுசாக ஒட்டிப் பிறந்திருந்தால் வளைவு அநேகமாக அசையாது. தனிப் பாதி எலும்பு என்றால் ஆண்டுக்கு ஒன்று இரண்டு டிகிரி கூடலாம். ஒரே பக்கம் இரண்டு பாதி எலும்புகள் என்றால் இன்னும் வேகம். எல்லாவற்றிலும் மோசமானது, ஒரு பக்கம் எலும்புகள் ஒட்டிக் கம்பி மாதிரி நின்று, எதிர்ப்பக்கம் பாதி எலும்பு வளர்வது. ஒரு பக்கத்தைக் கயிற்றால் இழுத்துக் கட்டிய தென்னங்கன்றுபோல அது ஒரே திசையில்தான் போகும். ஆண்டுக்கு 5 டிகிரிக்கு மேல்கூடப் போகும். அதை யாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. நாற்பது வயதில் இருமலுக்கு எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தனக்கு ஒரு பாதி எலும்பு இருப்பதே தெரியவந்த ஒருவர் எங்கள் பிரிவுக்கு வந்தார். மேலும் கீழும் உள்ள எலும்புகள் அதற்கு இடம் கொடுத்து உருவாகியிருந்தன. வளைவே இல்லை என்று சொல்லலாம். ‘இவ்வளவு நாள் இதோடுதான் மூட்டை தூக்கினேனா?’ என்று சிரித்தார். டாக்டரும் சிரித்து அனுப்பிவிட்டார்.

மூலைமேசை | 12 ஜூன் 2024, இரவு 9:50

திருப்பூர் அப்பா தனிச் செய்தியில் அனுப்பியதை அவர் அனுமதியோடு இங்கே சுருக்குகிறேன். பாதி எலும்பு மார்பும் இடுப்பும் சேரும் இடத்தில். மேலும் கீழும் டிஸ்க் தெளிவாகத் தெரிகிறது. எதிர்ப்பக்கம் ஒட்டவில்லை. எக்கோ சரி. ஸ்கேனில் ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது. எம்ஆர்ஐ எடுக்கவில்லை, காரணம் மயக்க மருந்து பயம்.

சிறுநீரகத்தைப் பார்த்து வீட்டில் இடிந்து போயிருக்கிறார்கள். ஒரே வாரங்களில் நடக்கிற வேலை அது சார். கருவில் நான்காவதிலிருந்து ஆறாவது வாரத்துக்குள் முதுகெலும்பின் அடித்தளம் அமைகிறது. சிறுநீரகம், இதயம் எல்லாம் அதை ஒட்டிய நாட்களிலேயே உருவெடுக்கின்றன. அதனால்தான் பிறவி வளைவு உள்ள பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்குச் சிறுநீரகப் பாதையில் ஏதாவது வித்தியாசம் இருக்கிறது. ஒன்று நன்றாக வேலை செய்தால் போதும். மயக்க டாக்டருக்கும் வலி மருந்து எழுதுகிறவருக்கும் மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். அம்மா என்ன சாப்பிட்டார், கிரகணத்தன்று வெளியே வந்தாரா என்ற விசாரணையை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வாரங்களில் பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே தெரியாது.

எம்ஆர்ஐ தவிர்க்கக் கூடாதது. தண்டுவடம் கீழே ஒட்டிக்கொண்டு இழுபடுகிறதா, நடுவில் எலும்புத் துண்டு புகுந்து இரண்டாகப் பிரிந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் தெரியாது. தெரியாமல் முதுகை நிமிர்த்தினால், ஒட்டிய தண்டுவடமும் சேர்ந்து இழுபடும்.

மயக்க மருந்து பயம் வெறும் வதந்தி இல்லை. மூன்று வயதுக்குக் கீழே நீண்ட நேரமோ திரும்பத் திரும்பவோ மயக்கம் கொடுப்பதைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016-இல் எச்சரிக்கை விட்டது. ஆனால் கைக்குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஒரே தடவை கொடுத்த மயக்கத்தைப் பின்தொடர்ந்த பன்னாட்டு ஆய்வு 2019-இல் வந்தது. ஐந்து வயதில் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் எதுவும் இல்லை. ஸ்கேனுக்கான மயக்கத்தையும் ஆபரேஷன் மயக்கத்தையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

மூலைமேசை | 13 ஜூன் 2024, மதியம் 2:15

‘ஆபரேஷனில் தண்டுவடம் அறுந்துவிடாதா அக்கா?’ என்று கேட்டிருக்கிற தம்பிக்கு. இது என் மேசை சம்பந்தப்பட்டது, கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

பாதி எலும்பை எடுப்பது புதுசில்லை. ஆஸ்திரேலியாவில் ராயில் என்பவர் 1928-லேயே எழுதியிருக்கிறார். பல பத்தாண்டுகள் நெஞ்சு வழியாகவோ வயிற்று வழியாகவோ முன்பக்கம் ஒரு தடவை, முதுகு வழியாக ஒரு தடவை என்று இரண்டு பக்கமும் திறந்துதான் செய்தார்கள். ஜெர்மனியில் ஹார்ம்ஸும் ரூஃபும் முதுகு வழியாக மட்டுமே முழு எலும்பையும் எடுத்து, மேலே கீழே இரண்டிரண்டு ஸ்க்ரூ போட்டு இடைவெளியை நெருக்கி மூடும் முறையைச் சின்னப் பிள்ளைகளுக்கும் செய்து காட்டினார்கள். இன்று அதிகம் நடப்பது அதுதான். இதில் முதுகை இழுத்து நீட்டுவதில்லை, குவிந்த பக்கத்தைச் சுருக்குகிறார்கள். தண்டுவடத்துக்கு இழுவையைவிடச் சுருக்கம் பரவாயில்லை.

பிள்ளை தூங்கிய பிறகு தலைத்தோலில் சின்ன ஊசிகள் செருகுவோம். கை, தொடை, கெண்டைக்கால், பாதத்திலும் ஊசிகள். தலையில் மின்துடிப்பு கொடுத்தால் அது தண்டுவடம் வழியாக இறங்கிப் பாதத்தசையில் அலையாக வரும். அந்த நேரம் தாடை இறுகும் என்பதால் நாக்கு கடிபடாமல் பற்களுக்கிடையே துணிச்சுருள் வைப்போம். தசையைத் தளர்த்தும் மருந்து கூடாது, ஆவியாகக் கொடுக்கும் மயக்க மருந்தும் அதிகம் கூடாது. மயக்க டாக்டருக்கும் எனக்கும் தினமும் நடக்கிற சண்டை இதுதான். மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு நரம்பின் உறை முழுசாக முதிர்ந்திருக்காது. அலை சின்னதாக, சோம்பேறித்தனமாக வரும். அதைப் பிடிப்பதே ஒரு வேலை.

கையில் எடுக்கிற அலையும் முக்கியம். ஆபரேஷன் இடம் அதற்குக் கீழே என்பதால் கைதான் எங்களுக்கு ஒப்பீடு. கையும் காலும் சேர்ந்து குறைந்தால் பெரும்பாலும் ரத்த அழுத்தம், மருந்து, உடல் சூடு. கை நன்றாக இருந்து கால் மட்டும் விழுந்தால் அறுவை நடக்கும் இடத்தில் ஏதோ நடக்கிறது.

ஒரு பெண் குழந்தை, நாலு வயதிருக்கும். எலும்பு வெளியே வந்துவிட்டது, இடைவெளியை நெருக்கிக்கொண்டிருந்தார் சர்ஜன். வலது பாதத்தின் அலை பாதியானது, அடுத்த துடிப்பில் காணோம். கை அப்படியே இருக்கிறது. ‘வலது கால் போச்சு சார்’ என்றேன். தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்கள். அவர் நெருக்கியதைத் தளர்த்தினார், மயக்க டாக்டர் அழுத்தத்தை ஏற்றினார், சூடான சலைன் ஊற்றினார்கள். யாரும் பேசவில்லை. சில நிமிடங்களில் முதலில் கோடு கோணலாகி, அப்புறம் அலை வந்தது. ஓரத்தில் மிஞ்சியிருந்த எலும்புத் துணுக்கு நெருக்கும்போது அழுத்தியிருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி மெதுவாக நெருக்கினார், இந்தத் தடவை அலை விழாமல் அப்படியே இருந்தது. அவள் மறுநாள் செவிலியரை உதைத்தாள். எங்களுக்கு அதைவிட நல்ல ரிப்போர்ட் கிடையாது.

இந்தக் கருவிகள் எல்லாம் வருவதற்கு முன் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆபரேஷன் நடுவில் நோயாளியை எழுப்பி ‘காலை ஆட்டு’ என்பார்கள். பிரான்சில் ஸ்டாக்னாராவும் கூட்டாளிகளும் 1973-இல் எழுதிய முறை. இன்றும் சந்தேகம் தீராவிட்டால் அதுதான் கடைசித் துருப்பு. ஆனால் மூன்று வயதுப் பையனிடம் நடு ஆபரேஷனில் காலை ஆட்டச் சொல்லிப் பாருங்கள்! வீட்டில் சட்டை மாற்றவே ஆட்டமாட்டான்.

ஆபத்தே இல்லை என்று சொல்லவரவில்லை. அலை திரும்பாமல் போன நாளும் உண்டு. அதை இங்கே விவரிக்க மனசில்லை. நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது: இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதே ஆபரேஷனை அவர்கள் வழக்கமாகச் செய்கிறார்களா, சிக்னல் கண்காணிப்பு உண்டா, ஆபரேஷன் முடிந்தபின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா.

மூலைமேசை | 15 ஜூன் 2024, காலை 8:05

பெல்ட், யோகா, எண்ணெய் பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. பாதி எலும்பு உண்டாக்கும் வளைவைப் பெல்ட் தடுக்காது. அதற்கு மேலே கீழே உடம்பு தானாக வளைத்துக்கொள்ளும் எதிர் வளைவுக்குச் சில டாக்டர்கள் போடச் சொல்வார்கள், அது வேறு கணக்கு. யோகா தசைக்கு நல்லது, எண்ணெய் தேய்த்தால் பிள்ளை நன்றாகத் தூங்கும். மிச்சப் பாதி எலும்பு முளைக்காது.

மூலைமேசை | 18 ஜூன் 2024, இரவு 11:30

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். சீக்கிரம் செய்துவிட்டால் எல்லாம் சரி என்பது மாதிரி ஒரு தொனி வந்திருக்கிறது. அதற்கு எதிர்க்கணக்கையும் எழுதாவிட்டால் தூக்கம் வராது.

எங்கள் பிசியோ பிரிவுக்கு ஒரு பெண் வருவார், முப்பதைத் தாண்டியவர். அவருக்கு மார்பு முதுகெலும்பில் பல எலும்புகள் குறையோடு இருந்தன. சின்ன வயதிலேயே மார்புப் பகுதியில் பாதிக்கு மேல் இணைத்து நிறுத்திவிட்டார்கள். அன்றைய அறிவுக்கு அது சரியான வைத்தியம். வளைவு நின்றது. ஆனால் முதுகும் அங்கேயே நின்றது. கை கால் வளர்ந்தன, நெஞ்சுக்கூடு வளரவில்லை. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டும் அவருக்கு. ‘நேராகத்தான் இருக்கிறேன், குட்டியாக இருக்கிறேன்’ என்பார்.

மார்பின் 12 முள்ளெலும்புகளின் நீளம் பிறக்கும்போது சுமார் 11 செ.மீ. ஐந்து வயதில் 18. பத்தில் 22 அளவில். முதல் ஐந்து வருடத்தில்தான் பெரிய பாய்ச்சல். நுரையீரலின் காற்றறைகள் பெருகுவதும் ஏறக்குறைய எட்டு வயதுக்குள். அந்த நேரத்தில் நெஞ்சைப் பூட்டினால் நுரையீரலுக்கு இடம் இல்லை. ஒன்பது வயதுக்கு முன் இணைப்பு செய்த பிள்ளைகளைப் பின்னால் சோதித்து 2008-இல் கேரலும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். மார்பு நீளம் 18 செ.மீ.கூட எட்டாதவர்களில் பெரும்பாலோருக்கு மூச்சுக் கொள்ளளவு இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. அதிலிருந்து ‘குறைந்தது 18, முடிந்தால் 22’ என்பது எல்லார் வாயிலும் வருகிறது.

ஆக, இரண்டு எலும்பை இணைப்பதும் எட்டு எலும்பை இணைப்பதும் ஒன்றல்ல. பையனுக்குச் சொல்லப்பட்டது முதல் வகை. பல இடங்களில் குறை உள்ள பிள்ளைகளுக்கு இணைக்காமல் வளரவிடும் வழி வேண்டும். அதற்காகத்தான் நீட்டும் ராடுகள் வந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து கொஞ்சம் நீட்டி மூடுவார்கள். டெக்சாசின் சான் அன்டோனியோவில் ராபர்ட் கேம்பல் விலா எலும்புகளில் மாட்டி நெஞ்சையே விரிக்கிற டைட்டேனியக் கருவியை உருவாக்கினார். விலா ஒட்டிப்போய் மூச்சுத் திணறும் பிள்ளைகளுக்காக. அமெரிக்காவில் அதற்கு 2004-இல் அனுமதி கிடைத்தது.

திரும்பத் திரும்பத் திறப்பதற்கு விலை உண்டு. நீட்டும் ராடு வைத்த 140 பிள்ளைகளைப் பற்றி 2010-இல் வந்த கணக்கில் 58 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு சிக்கலாவது வந்திருந்தது. ராடு உடைவது, கொக்கி பிடுங்குவது, புண் சீழ்பிடிப்பது. ஒவ்வொரு கூடுதல் ஆபரேஷனுக்கும் சிக்கல் வாய்ப்பு 24 சதவீதம் ஏறியது. போகப்போக ஒவ்வொரு நீட்டலிலும் கிடைக்கிற நீளமும் குறையும், ராடுக்கடியில் எலும்பு தானாகவே ஒட்டத் தொடங்கிவிடும்.

அப்புறம் காந்த ராடு. ஹாங்காங் குழு 2012-இல் முதல் முடிவுகளை வெளியிட்டபோது தியேட்டரில் எங்களுக்கே சந்தோஷம். கத்தி இல்லாமல், வெளியே காந்தத்தைச் சுற்றி ராடை நீட்டுவது. அமெரிக்காவில் 2014-இல் அனுமதி. பிறகு உள்ளே இருக்கிற பாகங்கள் தேய்ந்து உலோகத்தூள் சேர்வது தெரிந்து, பிரிட்டனில் 2020-இல் பயன்பாட்டையே நிறுத்தி வைத்தார்கள். முற்றாகக் கைவிட்டார்கள் என்று இல்லை, ஆனால் அந்தப் பழைய உற்சாகம் போய்விட்டது. விலையும் நம் ஊர்க் குடும்பங்களுக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

மூலைமேசை | 22 ஜூன் 2024, மாலை 5:45

‘இடுப்பு பற்றி யாருமே பேசவில்லையே, என் மகளுக்கு ஒன்றரை வயது, நடை சாய்கிறது’ என்று ஒரு அம்மா. பேசலாம், இது என் வீட்டுக் கதையும்கூட.

என் அக்கா மகள். முதல் பிரசவம், பெண் குழந்தை, வயிற்றில் கால் கீழாக இருந்தவள். பிறவி இடுப்பு மூட்டு விலகலுக்கு உரிய மூன்று அடையாளமும் இருந்தன, யாரும் இடுப்பைச் சோதிக்கவில்லை. தொடை மடிப்பு ஒரு பக்கம் ஆழமாக இருக்கிறது என்று அக்கா காட்டியபோது ‘கொழுகொழுவென்று இருக்கிறாள், அவ்வளவுதான்’ என்று அனுப்பிவிட்டார்கள். நடக்க ஆரம்பித்த பிறகு வாத்து நடை. அப்போதுதான் எக்ஸ்ரே.

பிறந்தவுடன் கண்டுபிடித்தால் இது வார் மாட்டி முடிக்கிற வேலை. பாவ்லிக் வார் போட்டுக் காலை மடக்கி அகட்டி வைத்தால் தொடையெலும்பின் பந்து இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் உட்கார்ந்து, கிண்ணம் தானாக ஆழமாகும். ஆறு மாதம் வரைதான் அந்த வசதி. அதற்கு மேல் மயக்கத்தில் மூட்டைச் சேர்த்து மாவுக்கட்டு. நடக்கிற வயதைத் தாண்டினால் பெரும்பாலும் மூட்டைத் திறந்து பந்தை உட்கார வைத்து, இடுப்பெலும்பையும் வெட்டித் திருப்ப வேண்டும்.

அந்த வெட்டை டொராண்டோவில் ராபர்ட் சால்டர் 1957-இல் முதலில் செய்தார். கிண்ணத்துக்கு மேலே இடுப்பெலும்பை ஒரே கோட்டில் வெட்டி, முன்பக்க எலும்புச் சந்தியைக் கீலாக வைத்துக் கீழ்த்துண்டை முன்னும் வெளியிலும் சாய்ப்பது. திறந்த இடைவெளியில் அந்தப் பிள்ளையின் இடுப்பு விளிம்பிலிருந்தே எடுத்த முக்கோணத் துண்டு, இரண்டு கம்பி. ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயது வரை பொருந்தும். சின்னப் பிள்ளையின் இடுப்பு வளையும், அதனால்தான் முடிகிறது. வளர்ந்தவர்களுக்கு இது நடக்காது. அவர்களுக்குச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கான்ஸ் 1980-களில் உருவாக்கிய, கிண்ணத்தைச் சுற்றி வெட்டும் முறை இருக்கிறது. அது மிகப் பெரிய ஆபரேஷன்.

அக்கா மகளுக்குச் சால்டர்தான். நெஞ்சிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. ஆபரேஷனைவிட அந்த வாரங்கள்தான் கொடுமை. டயப்பர் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று போட வேண்டும். ஈரம் போனால் ஹேர் டிரையரில் குளிர்காற்று மட்டும். உள்ளே அரித்தால் குச்சி விடக் கூடாது, பாட்டிகள் விடுவார்கள், காவல் இருங்கள். காரில், பைக்கில் எப்படிக் கூட்டிப்போவது என்று டிஸ்சார்ஜ் நாளில் யோசிக்காமல் முன்னாலேயே யோசியுங்கள்.

அந்த அம்மாவுக்கு: இனியும் தள்ளாமல் இந்த வாரமே குழந்தைகள் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூலைமேசை | 23 ஜூன் 2024, காலை 9:10

‘இடுப்பில் தூக்கிவைத்தால் கால் வளைந்துவிடும்’ என்று நேற்று ஒருவர் எழுதியதற்கு மறுப்பு. தலைகீழ். இடுப்பில் கால் அகட்டி உட்கார வைத்துத் தூக்குவது இடுப்பு மூட்டுக்கு நல்ல நிலை. கெடுதல், காலை நேராக நீட்டித் துணியால் இறுக்கிச் சுற்றுவது. ஜப்பானில் அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி 1970-களில் நாடு முழுக்கப் பிரசாரம் செய்தபின் இடுப்பு விலகல் பல மடங்கு குறைந்தது. சுற்றத்தான் வேண்டும் என்றால் கையைச் சுற்றுங்கள், காலை விடுங்கள்.

மூலைமேசை | 30 ஜூன் 2024, மாலை 4:00

தம்பி மகனுக்கு ‘பிறவிக் கூன்’ என்று எழுதியவருக்கு. ஏழு வயது வரை முதுகு நன்றாக இருந்து, பிறகு நீண்ட காய்ச்சல், முதுகுவலி, எடை குறைவு, நடுமுதுகில் கூர்மையான முட்டு என்றால் பிறவிக் குறை என்பதைவிடக் காசநோயை முதலில் யோசிக்க வேண்டும். எம்ஆர்ஐயும் திசுப் பரிசோதனையும் செய்யுங்கள்.

இங்கே சொல்ல வேண்டிய சென்னைச் சங்கதி ஒன்று உண்டு. முதுகெலும்புக் காசநோய்க்கு மருந்து மட்டும் போதுமா, ஆபரேஷன் வேண்டுமா என்று சென்னையில் நடந்த பெரிய ஆய்வின் குழந்தைகளைக் கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001-இல் எழுதினார். நோய் முழுசாகக் குணமான பிறகும் 39 சதவீதப் பிள்ளைகளுக்குக் கூன் கூடிக்கொண்டே போனது. 44 சதவீதத்தினருக்கு வளர்ச்சியோடு தானாகக் குறைந்தது. யாருக்கு மோசமாகும் என்று முன்கூட்டியே சொல்ல எக்ஸ்ரேயில் நான்கு அடையாளங்களும் கொடுத்தார். உலகம் முழுக்க அவற்றைப் பார்க்கிறார்கள். நோய் வேறு, கணக்கு அதே கணக்கு: இன்றைய கோணம் பாதிச் செய்தி, மிச்ச வளர்ச்சி என்ன செய்யப்போகிறது என்பது மறுபாதி.

நிஜமான பிறவிக் கூனும் இருக்கிறது. எலும்பின் முன்பாதி உருவாகாமல் போவது. பக்கவாட்டு வளைவைவிட அது ஆபத்து, தண்டுவடத்தை முன்னாலிருந்து அழுத்திக் கால் விழவைக்கும். அதில் காத்திருக்கலாமா என்ற விவாதமே குறைவு.

மூலைமேசை | 7 ஜூலை 2024, இரவு 10:00

இடுப்பெலும்பு முன்பக்கம் சேராமல், சிறுநீர்ப்பை வெளியே திறந்து பிறந்த குழந்தை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் நேரில் அதிகம் பார்த்ததில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்த முதல் நாட்களில் என்றால் எலும்பு வளைந்துகொடுக்கும், சில சமயம் வெட்டாமலே மூட முடியும். தாமதமானால் இரண்டு பக்கமும் இடுப்பெலும்பை வெட்டி நெருக்கினால்தான் சிறுநீர்ப்பையும் வயிற்றுச் சுவரும் இழுவிசை இல்லாமல் மூடும், இல்லாவிட்டால் தையல் பிரிந்துவிடும். அகமதாபாத் சிவில் மருத்துவமனையில் வெளிநாட்டுக் குழுக்களோடு சேர்ந்து 2009 முதல் இதற்கென்றே முகாம் நடத்துகிறார்கள். விசாரியுங்கள்.

மூலைமேசை | 14 ஜூலை 2024, மாலை 6:30

திருப்பூர் அப்பா எம்ஆர்ஐ எடுத்துவிட்டார். தண்டுவடத்தின் நுனி இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே இருக்கிறது, அந்த நுனியைக் கீழே கட்டியிருக்கும் வால் இழை தடித்துக் கொழுப்போடு ஒட்டியிருக்கிறது. எடுக்காமல் போயிருந்தால்? சரி, அது இப்போது வேண்டாம்.

முதலில் நரம்பு சர்ஜன் தண்டுவடத்தை அந்த ஒட்டுதலிலிருந்து விடுவிப்பார், பிறகு எலும்பு. இரண்டையும் ஒரே நாளில் செய்கிறவர்களும் உண்டு, சில மாத இடைவெளி விடுகிறவர்களும் உண்டு. உங்கள் டாக்டர் இடைவெளி என்றால் அந்த நேரத்தில் பையன் சிறுநீர் கழிக்கும் முறையைக் கவனித்து எழுதிவையுங்கள். சொட்டுச் சொட்டாக வருகிறதா, மலச்சிக்கல் புதிதாக வருகிறதா, காலைத் தேய்த்து நடக்கிறானா.

மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். அவரையே ஒருதடவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். இரண்டு எக்ஸ்ரேயைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் பயப்படுவது கத்திக்கு, நீங்களும் அதற்குத்தான் பயப்படுகிறீர்கள்.

மூலைமேசை | 4 ஆகஸ்ட் 2024, காலை 7:20

பணத்தைப் பற்றி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. இந்த ஆபரேஷன் எந்தத் தலைப்பில் வருகிறது, ராடு ஸ்க்ரூ செலவு அதில் அடங்குமா, சிக்னல் கண்காணிப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் இருக்கிற மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் இந்த மாதிரிப் பிறவிக் குறைகளுக்கென்றே உள்ளது, அங்கே பதிந்தால் பரிந்துரைக் கடிதம் கிடைக்கும்.

மூலைமேசை | 19 ஆகஸ்ட் 2024, இரவு 9:05

நாளை நரம்பு ஆபரேஷன் என்கிறார். கேட்டதற்குப் பதில்: பால், திட உணவு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். தண்ணீர் பொதுவாக இரண்டு மணி நேரம் முன்புவரை கொடுக்கலாம், உங்கள் மயக்க டாக்டர் சொன்ன நேரம்தான் கடைசி. பிஸ்கட் பாக்கெட்டைப் பாட்டி பையிலிருந்து எடுத்துவிடுங்கள். பொம்மை ஒன்று கூட வரலாம், கழுவியதாக இருக்கட்டும். பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள், மடிக்காமல். ஒரு சிறுநீரகம் என்பதை அட்மிஷன் தாளில் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள், எழுதினார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.